இருபத்திரண்டு வாக்குகளும் ஒன்பது நாட்களும்

டென்மார்க்கின் வைலே நகரசபையிலிருந்து வாக்காளர் அட்டை தபாலில் வரும்போதெல்லாம் நான் மேசை லாச்சியைத் திறந்து இன்னொரு அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைப்பேன். அது பழுப்பேறிப்போன பிரித்தானிய அட்டை. நடுவில் ஒரு மடிப்பு. மூலையில் தேநீர்க் கறை. தட்டச்சில் அடித்த ஒரு இலக்கம், அதன் கீழே என் அத்தானின் பெயர், அவர் வாழ்ந்த தெரு, வாக்களிக்கப் போகவேண்டிய பள்ளிக்கூடம். எல்லாவற்றுக்கும் மேலே கறுத்த எழுத்தில் ஒரு தொகுதியின் பெயர். அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்கள். தெருவையும் இடித்துவிட்டார்கள். தொகுதியை இடிக்கத் தேவையிருக்கவில்லை, வரைபடத்தில் மூன்று கோடு கீறியதும் அது இல்லாமல் போய்விட்டது.

அத்தான் என் அக்காவின் கணவர். எண்பத்தைந்தின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு இருபத்தாறு வயது, அவருக்கு நாற்பத்தைந்து. அக்காவும் அவர்களுடைய ஒரே மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அத்தான் வந்தது அவர்களைக் கூப்பிடுவதற்காக. அதிலும் முக்கியமாக மகளுக்காக. ஒவ்வொரு கிழமையும் குண்டுச் சத்தம் பற்றி அக்கா எழுதிக்கொண்டிருந்தாள். வதிவிட அனுமதி கிடைத்தால் மனைவியையும் பதினெட்டு வயதாகாத பிள்ளையையும் எடுக்கலாம் என்பது அகதி முகாமில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. காலம் கிடக்கிறது என்றுதான் நினைத்தோம்.

எங்கள் முகாம் வைலேக்கு வெளியே, குடாக்கடலைப் பார்த்தபடி இருந்த பழைய ஓய்வுவிடுதி ஒன்று. அங்கே அத்தானுக்கு ஒரு பட்டப்பெயர் விழ ஒரு கிழமைகூட ஆகவில்லை: ‘தொகுதி அண்ணை’. ஆள் வாயைத் திறந்தால் "எங்கட தொகுதியில" என்றுதான் தொடங்குவார். முதல் நாள் எல்லோரும் அது யாழ்ப்பாணத்துத் தொகுதி என்றே நினைத்தார்கள். நல்லூரா, கோப்பாயா, மானிப்பாயா என்று ஒருவர் கேட்க, அத்தான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நெசவாலை நகரத்தின் பெயரைச் சொன்னார். "ஓ, லண்டனோ" என்றார் கேட்டவர். "லண்டன் இல்லை ஐசே" என்று அத்தான் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். யாழ்ப்பாணத்தவருக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். அதை மாற்ற அத்தானாலும் முடியவில்லை.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. நீளவாக்கில் கோடு போட்டு, ஆண்டு, வென்றவர், தோற்றவர், வித்தியாசம், காரணம் என்று ஐந்து நிரல். முதலாம் உலக யுத்தம் முடிந்தபின் அந்தத் தொகுதி பிறந்த நாளிலிருந்து கடைசித் தேர்தல்வரை எல்லா முடிவுகளும் அதில் இருந்தன. நகர நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதியெடுத்தவை. எனக்கு ஆங்கிலம் அப்போது அரைகுறை. ஆனாலும் அந்தக் கொப்பியை நான் கேட்டுக்கேட்டே மனப்பாடமாக்கிவிட்டேன். முதலில் வென்றவர் ஒரு நெசவுத் தொழிலாளி. முப்பதுகளில் ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடந்தபோது ஒருமுறை மட்டும் பழமைவாதிகளின் நீலக் கட்சி பிடித்தது. இரண்டாம் யுத்தம் முடிந்ததும் தொழிலாளரின் சிவப்புக் கட்சி அதை அள்ளிக்கொண்டு போனது. பிறகு இருபது ஆண்டுகள் அங்கே தேர்தல் என்பது பெயருக்குத்தான். அத்தான் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார். அதன் பிறகுதான் சேரிகளைத் துப்புரவாக்குகிறோம் என்று சொல்லி நகரசபை தெருத்தெருவாக இடிக்கத் தொடங்கியது. சனத்தை நகர எல்லையில் கட்டிய மாடிவீடுகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் வித்தியாசம் என்ற நிரலில் ஒரு இலக்கம் குறைந்தது. "தம்பி, தோற்கிறது ஒரு நாளில நடக்கிற காரியம் இல்லை. பதினைஞ்சு வருசமாய்த் தோற்றுக்கொண்டு வருவம், எண்ணுற அண்டைக்குத்தான் தெரியும்" என்பார்.

மகள் பிறந்து ஒரு வயதில் அத்தான் அங்கே கணக்காளர் படிப்புக்குப் போனவர். படிப்பு சரிவரவில்லை. பஸ் டிப்போ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அக்காவையும் குழந்தையையும் கூப்பிட முயன்றார். விண்ணப்பம் இரண்டு தடவை தட்டிக்கழிக்கப்பட்டது. அப்போதுதான் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரைப் போய்ச் சந்தித்தார். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் அந்த மனிதர் சனத்தின் குறை கேட்டுக்கொண்டிருப்பாராம். அத்தானின் கதையைக் கேட்டுவிட்டு மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவது கடிதத்துக்கு, மீண்டும் பரிசீலிக்கிறோம் என்று பதிலும் வந்தது. அந்த நன்றிக்காகத்தான் அத்தான் அவருடைய தேர்தல் வேலைக்குப் போனார். பொதுநலவாய நாட்டவர் என்பதால் அவருக்கு அங்கே வாக்கும் இருந்தது.

எழுபத்தொன்பதாம் ஆண்டுத் தேர்தல் நாளில் காலையிலிருந்து அவர் அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் அட்டை இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவருடைய வேலை. யார் இன்னும் வரவில்லை என்று அந்தக் குறிப்பைப் பார்த்தால் தெரியும். வராதவர் வீட்டுக்கு ஆள் போகும். அந்தத் தெருக்களில் அவரோடு சேர்த்து ஆறு பேர் ஓடித்திரிந்தார்கள். முதலில் சனத்தைக் கொண்டுவருவோம், எங்களுடையதைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆறு பேரும் விட்டுவைத்தார்கள். வாக்கெடுப்பு முடிவதற்குக் கால் மணி இருக்கும்போது, மூன்றாம் தெருவில் நடக்கமுடியாத ஒரு கிழவி காத்திருக்கிறாள் என்று செய்தி வந்தது. அத்தான் காரில் போனார். கிழவி தொப்பி தேடினாள், கண்ணாடி தேடினாள். திரும்பி வந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். கிழவியின் வாக்கும் போயிற்று, அவருடையதும் போயிற்று, ஓடித்திரிந்த மற்ற ஐந்து பேருடையதும் போயிற்று. மறுநாள் முடிவு வந்தது. இருபத்திரண்டு வாக்குகளால் நீலக் கட்சி வென்றிருந்தது.

"ஆறு பேர் போட்டிருந்தாலும் இருபத்திரண்டு வராதே அத்தான்" என்று நான் ஒருமுறை சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "எங்கட தெருவில ஆறு பேர், தம்பி. தொகுதியில எத்தினை தெரு?"

புதிய உறுப்பினருக்கு அத்தான் எழுதிய கடிதத்துக்கு ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவிலேயே அவர் யாழ்ப்பாணம் திரும்பினார். மகளுக்குப் பதினொரு வயது. ஆரம்பத்தில் அவள் அவரை "வாங்கோ", "இருங்கோ" என்று வந்த விருந்தாளியைப்போல நடத்தினாள் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அத்தானுக்கு அதில் சிரிப்பு வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. எண்பத்துமூன்றில் அந்தத் தொகுதியை மூன்றாகப் பிரித்து அயல் தொகுதிகளோடு சேர்த்துவிட்டார்கள் என்று நண்பர் ஒருவர் எழுதினார். அதே ஆண்டில், தனிநாடு கேட்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழ் உறுப்பினர்கள் பதவியிழக்க, யாழ்ப்பாணத்தில் எங்களுடைய தொகுதிகளும் வெறுமையாயின. அத்தான் கொப்பியில் கடைசி வரிக்குக் கீழே இரட்டைக் கோடு கீறினார்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முகாமில் ஒரு கதை உலாவியது. முன்னர் வேறொரு நாட்டில் வாழ்ந்தவன் என்று தெரிந்தால் டென்மார்க்காரன் அங்கேயே திருப்பி விமானம் ஏற்றிவிடுவான் என்பது அந்தக் கதை. யார் சொன்னது, யாருக்கு நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ரண்டர்ஸ் முகாமில் ஒருவருக்கு நடந்தது என்பார்கள். ரண்டர்ஸிலிருந்து வந்தவர்களைக் கேட்டால் கோல்டிங் முகாமில் நடந்தது என்பார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. எதையும் நாலு பேருக்கு முன்னம் அறிந்தவன் என்ற மிதப்பு எனக்கு அந்த வயதில் இருந்தது. பொலிஸ் விசாரணைக்கு முதல்நாள் அத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பத்து வருசத்தையும் சொல்லாதேங்கோ அத்தான். கொழும்பில கடையில நிண்டனான் எண்டு சொல்லுங்கோ."

"பொய்யெல்லோ தம்பி."

"அவள் பிள்ளையை யோசிச்சுப் பாருங்கோ. உங்கள இங்கிலாந்துக்கு அனுப்பினால் அவன் திரும்ப உங்கள ஊருக்குத்தான் ஏத்துவான். பிறகு உண்மையை வைச்சு என்ன செய்யப்போறியள்?"

அவர் கொப்பியையும் அட்டையையும் என்னிடம் தந்து, "உன்ர பெட்டிக்குள்ள வை" என்றார். மறுநாள் கொழும்புக் கடைக்கதை வாக்குமூலமாகப் பதிவானது.

இரண்டாவது விசாரணை நவம்பரில் வந்தது. நகரசபைத் தேர்தல் நெருங்கிய நேரம். வைலேயின் விளக்குக் கம்பங்களில் எல்லாம் வேட்பாளர்களின் முகங்கள் தொங்கின. பொலிஸ் நிலையத்துக்கு நடந்து போகும் வழியில் அத்தான் ஒவ்வொரு கம்பத்தின் கீழும் நின்று அண்ணாந்து பார்த்தார். எனக்கு எரிச்சல் வந்தது. "நடவுங்கோ, நேரம் போகுது" என்று இழுத்துக்கொண்டு போனேன். அவர் உள்ளே போனார், நான் நடையில் இருந்த வாங்கில் அமர்ந்தேன். அத்தானுக்கு ஆங்கிலம் தெரிந்ததால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. கடையில் நின்ற மனிதனுக்கு இவ்வளவு ஆங்கிலம் எப்படி என்று அவர்கள் யோசிப்பார்களோ என்ற பயம் அப்போதுதான் எனக்கு முதன்முதலாக வந்தது.

முக்கால் மணி நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அதிகாரி கோப்பி எடுக்க வெளியே வந்தார். எனக்கும் ஒரு கோப்பை தந்துவிட்டு உள்ளே போனார். கதவு முழுக்கச் சாத்துப்படவில்லை. இருவரும் கதைப்பது கேட்டது. சிரிப்பும் கேட்டது. பிறகு அத்தானின் குரல் மட்டும் தனியே எழுந்தது. சொற்கள் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் எனக்குத் தெரியும். முதலில் வேகமாகப் போகும், முப்பதுகளில் ஒருமுறை தடுக்கும், யுத்தம் முடிந்ததும் உயரும், இடிப்புத் தொடங்கியதும் தாழும். தொகுதி வரலாறு போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஓடிப்போய் அவருடைய வாயைப் பொத்தவேண்டும் போல இருந்தது. வாங்கை விட்டு எழுந்தேன், திரும்ப இருந்தேன். இருபத்திரண்டு என்ற எண் ஆங்கிலத்தில் தெளிவாகக் கேட்டது.

நடந்ததை அத்தான் வழியில் சொன்னார். அதிகாரி தட்டச்சுப் பொறிக்குத் தாள் மாற்றும்போது, வருகிற செவ்வாய்க்கிழமை தனக்கு வாக்குச்சாவடியில் மேசைக் கடமை இருக்கிறது என்றாராம். எண்ணுகிற வேலையும் அவருக்குத்தானாம். இங்கே பட்டியல் முறை, வாக்கு வீதத்துக்கேற்பக் கட்சிகளுக்கு இடம், ஒரு வாக்கும் வீணாகாது என்று பெருமையாகச் சொன்னாராம். "எண்ணுற மனுசன், தம்பி. அவனிட்டை நான் எப்பிடிக் கடைக்காரனாய் இருக்கிறது?" என்றார் அத்தான். முழுவதையும் கேட்டபின் அந்த அதிகாரி பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அத்தான் உண்மையைச் சொன்னார். அதிகாரி கோபிக்கவில்லை. முதல் வாக்குமூலத்தோடு இது ஒத்துவராது, கோப்பு முழுவதும் திரும்ப கோப்பன்ஹேகனுக்குப் போகவேண்டும், இங்கிலாந்துக்கும் எழுதிக் கேட்பார்கள் என்று மட்டும் சொன்னார். அவருடைய முகம் வாடிப்போயிருந்ததாக அத்தான் பலமுறை சொல்லியிருக்கிறார்.

என்னுடைய அனுமதி அடுத்த மாசியில் வந்தது. நான் நகரத்தில் ஒரு அறை எடுத்தேன், சலவைத் தொழிற்சாலையில் வேலை எடுத்தேன். முகாமில் நான் அறிய ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அத்தான் இருந்தார். சித்திரை போனது, ஆவணி போனது. மகளின் பிறந்தநாள் ஐப்பசி தொடக்கத்தில். அன்று அவர் என் அறைக்கு வந்து, கதிரையில் இருந்துவிட்டுப் போனார். ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. வதிவிட அனுமதி. மூன்று பக்கக் கடிதத்தில் பிரித்தானிய வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு வசனம் இருந்தது: அது இந்த முடிவைப் பாதிக்கவில்லை. முதல் நாளே உள்ளதைச் சொல்லியிருந்தால் என்னுடைய கடிதத்தோடு அவருடையதும் வந்திருக்கும். அந்த ஒற்றை வசனத்தை அவரும் நானும் ஒரே நேரத்தில் வாசித்து முடித்தோம். நான் நிமிரவில்லை.

அக்கா வரலாம். மகளுக்கு வயது கடந்துவிட்டது. நகரசபையில் இருந்த பெண் சட்டப் புத்தகத்தையே திருப்பி எங்களுக்குக் காட்டினாள். விண்ணப்பிக்கும் நாளில் பதினெட்டு நிறைந்திருக்கக்கூடாது. ஒன்பது நாள்தானே என்று நான் அரைகுறை டேனிஷில் கெஞ்சினேன். எங்காவது ஒரு கோடு கீறத்தானே வேண்டும் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அத்தான் தலையாட்டினார். கோடு கீறுவதைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகப் பிறந்த திகதியை முன்பின் மாற்றுவது எத்தனையோ வீட்டில் நடக்கிற காரியம். பிறப்புப் பத்திரத்தை ஒரு மாதம் தள்ளி எடுத்துத்தர ஆள் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அவரிடம் ஓடினேன். அவர் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"முதல் பொய்க்கு நீ வந்து கேட்டாய், தம்பி. கேட்டது நீ, வோட்டுப் போட்டது நான். அதில உன்னில பிழை இல்லை. ஆனால் இதுக்கு நான் போடமாட்டன்."

மகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அக்கா எழுதினாள். அத்தான் அதை எதிர்பார்த்திருந்தார். போர் நடுவே கிடந்த அந்த ஊரில் அவர்கள் இருவரும், வைலேயில் நாங்கள் இருவருமாக ஆண்டுகள் போயின. மூன்று ஆண்டுகள் இங்கே வாழ்ந்தால் வெளிநாட்டவருக்கும் நகரசபைத் தேர்தலில் வாக்கு உண்டு. அடுத்த தேர்தலுக்கு அத்தான் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கதவு திறக்கமுன்பே போய் நின்றோம். இங்கே அட்டையை வாங்கிக்கொண்டுதான் வாக்குச்சீட்டைத் தருவார்கள். அத்தான் தன் அட்டையைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. வெளியே வந்து, "திருப்பித் தரமாட்டாங்களோ?" என்று கேட்டார். "இல்லை அத்தான்." "நல்லது. மிச்சம் வைக்கக்கூடாது" என்றார்.

மகள் ஊரிலேயே ஆசிரியையாகி, திருமணம் முடித்த பிறகுதான் அக்கா இங்கே வந்தாள். அத்தான் அவளோடு பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். மகளைப் பார்க்கப் போவதற்கு இரண்டு தடவை சீட்டு எடுத்து, இரண்டு தடவையும் போரால் யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டுவிட்டது. மூன்றாம் தடவை இருதயம் விடவில்லை. மகளோடு அவர் ஒரே வீட்டில் வாழ்ந்தது மொத்தம் ஆறு ஆண்டுகளுக்கும் சற்று மேல். அதை நான் எண்ணிப் பார்த்தது அவருடைய உடலுக்குப் பக்கத்தில் நின்றபோது.

செத்தவீட்டுக்கு மகள் வந்தாள். அவசர விசா, இரண்டு கிழமை. தலையில் நரை விழுந்த பெண். மூன்றாம் நாள் என் வீட்டுச் சமையலறையில் இருந்து என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, அப்பா ஏன் எங்கள நேரத்துக்குக் கூப்பிடேல்லை? அம்மாவைக் கேட்டால் அழுகிறா. அப்பாட்டை நான் கேட்கேல்லை."

நான் கொப்பியையும் அதற்குள் இருந்த அட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். அனுமதி வந்த அன்று அத்தான் என்னிடமிருந்து திரும்ப வாங்கிப்போனவை அவை, செத்தவீட்டன்று அக்கா என்னிடம் தந்திருந்தாள். அத்தான் போன பிறகு நானும் கொப்பியை முழுதாகத் திறந்து பார்த்திருக்கவில்லை. அவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்து இரட்டைக் கோட்டில் நின்றாள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஆண்டு, எண்பத்தாறு. தோற்றவர் என்ற நிரலில் அவளுடைய பெயர். வித்தியாசம், ஒன்பது. காரணம் என்ற நிரலில், எழுபத்தொன்பதுக்கு நேரே எழுதியிருந்த அதே சொற்கள்: நான் நேரத்துக்குப் போகவில்லை.

"பிழையாய் எழுதியிருக்கிறார், பிள்ளை" என்றேன். பிறகு முகாம், கதை, பெட்டிக்குள் வைத்த அட்டை, நடை வாங்கு எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது ஆண்டுகள் ஒருவருக்கும் சொல்லாததை, சொல்லவேண்டிய ஆளுக்கே சொன்னேன். அவள் அழுவாள் அல்லது ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வென்றவர் எண்ட இடம் வெறுமையாய்க் கிடக்கு, மாமா."

"ஒருத்தரும் வெல்லேல்லை, பிள்ளை."

கொப்பியை அவள் எடுத்துக்கொண்டு போனாள். அட்டையை எனக்கு விட்டுவிட்டாள். "இது நீங்கள் வைச்சிருக்கவேண்டியது" என்றாள். மன்னித்துத் தந்தாளா, தண்டித்துத் தந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இம்முறையும் நகரசபை அட்டை வந்திருக்கிறது. இங்கே பிறந்த என் பிள்ளைகள் பின்னேரம் வேலை முடிந்து வரும்போது போடுவோம் என்று டேனிஷில் சொல்லிக்கொள்கிறார்கள். நான் அவர்களோடு வாதாடுவதில்லை. காலையில், பாடசாலை விளையாட்டு மண்டபத்தின் கதவு திறக்கமுன்பே போய் நிற்பேன். என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு வாக்குச்சீட்டைத் தருவார்கள். சேர்ட் பைக்குள் மற்ற அட்டை இருக்கும். ஒவ்வொரு தடவையும் கொண்டுபோகிறேன். அதை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.